பண்டத்தரிப்புக் குசினியில் டென்மார்க் பணியாரம்

டென்மார்க்கிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குக் காலையில் என்ன சுட்டுக் கொடுப்பது? பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீடுகளில் ஆடி, ஆவணி வந்தால் இந்தக் கேள்வி எழும். இடியப்பமும் சொதியும் முதல் நாள் ஆசையாக இறங்கும். மூன்றாம் நாள் பிள்ளைகள் பாணையும் ஜாமையும் தேடத் தொடங்குவார்கள். பத்து வருடம் காத்திருந்து சமைத்த அம்மம்மாவுக்கு மனம் சுருங்கிப்போகும்.

அப்படிப்பட்ட வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன். ‘ஏபிளஸ்கீவர்’ என்பது டென்மார்க் மக்கள் பரம்பரையாகச் சுட்டுவரும் உருண்டைப் பணியாரம். குழிகள் உள்ள இரும்புச் சட்டியில், முட்டையும் பாலும் சேர்த்த கோதுமை மாக் கரைசலை ஊற்றி, நடுவில் பழமோ ஜாமோ வைத்து, திருப்பித் திருப்பி உருட்டி எடுப்பார்கள். இதைச் சுடத் தேவையான சாமான்களில் யாழ்ப்பாணத்தில் கிடைக்காதது எதுவுமில்லை.

டெனிஷ் மொழியில் ‘ஏபிள’ என்றால் அப்பிள். ‘ஸ்கீவர்’ என்றால் சீவிய துண்டுகள். அப்பிள் துண்டுகளை மாவில் தோய்த்துச் சுட்டதிலிருந்து வந்த பெயர். குழிச்சட்டி வந்த பிறகு துண்டு உருண்டைக்குள் போனது. இன்று டென்மார்க்கில் கிடைக்கும் ஏபிளஸ்கீவரில் பெரும்பாலும் அப்பிளே இருப்பதில்லை. பெயரில் மட்டும் அப்பிள் மிஞ்சியிருக்கிறது. பல வீடுகளில் சுடுவதுகூட இல்லை. கடையில் உறைய வைத்த பொதியை வாங்கி, மின் போறணையில் சூடாக்கி, ஐசிங் சீனி தூவி, ஜாம் தொட்டுச் சாப்பிடுவார்கள். நத்தாருக்கு முந்திய வாரங்கள்தான் இதன் காலம். கறுவாவும் கராம்பும் போட்டுச் சூடாக்கிய வைனுடன் பின்னேரத்தில் பரிமாறுவது அங்குள்ள வழக்கம். காலை உணவாக இதை மாற்றியவர்கள் அமெரிக்காவில் குடியேறிய டெனிஷ்காரர்கள். அவர்கள் 1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் அமைத்த சொல்வாங் என்ற ஊரில் காலையில் உணவகங்களுக்குப் போனால் இதுதான் சாப்பாடு. ஆகவே பண்டத்தரிப்பில் ஆவணி மாதக் காலையில் இதைச் சுடுவது மரபு மீறல் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். ஊர் விட்டுப் போனவர்கள்தான் எந்தச் சாப்பாட்டுக்கும் புதிய நேரம் குறிக்கிறார்கள்.

“இது குழிப்பணியாரமெல்லோ பிள்ளை?”

சட்டியைப் பார்த்ததும் என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. யாழ்ப்பாணத்தில் பணியாரம் என்றால் பனங்காய்ப் பணியாரம், பயத்தம் பணியாரம். இரண்டும் எண்ணெயில் பொரிப்பவை. குழிப்பணியாரம் எங்கள் பக்கத்துப் பழைய பலகாரம் அல்ல. பெரியம்மா அதை அறிந்தது பக்கத்து வீட்டாரிடமிருந்து. அவர்கள் 1990இல் படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இறங்கி, பிறகு வேறு முகாம்களில் பல வருடம் இருந்து திரும்பியவர்கள். திரும்பும்போது கொண்டுவந்த ஏனங்களில் ஒரு பணியாரச் சட்டியும் இருந்தது. டென்மார்க்கில் இருக்கும் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, தன் பெட்டியில் கொண்டுவந்தது வார்ப்பிரும்பில் செய்த ஏழு குழிச் சட்டி. வெவ்வேறு கடல்களைக் கடந்து வந்த இரண்டு சட்டிகளும் இன்று அதே குசினியில், பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன.

இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்தால் ஒரு கதை கட்டத் தோன்றும். டெனிஷ் கப்பல்கள் 1620இல் திருகோணமலைக்கு வந்தன. கண்டி அரசனோடு உறவு வைக்கும் முயற்சி கைகூடவில்லை. அதே ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அது டென்மார்க்கின் கையில் இருந்தது. அப்படியானால் தமிழ்நாட்டுப் பணியாரச் சட்டி தரங்கம்பாடி வழியாகக் கோபன்ஹேகன் போயிருக்குமோ? கேட்க இனிமையான கதை. ஆனால் ஒல்லாந்தரிடம் ‘பொஃபெர்ச்சஸ்’ சுடும் குழிச்சட்டி இருக்கிறது. யப்பானியர் அதேபோன்ற சட்டியில் கணவாய் இனத்து இறைச்சி வைத்து உருண்டை சுடுகிறார்கள். தாய்லாந்திலும் தேங்காய்ப்பால் விட்டுச் சுடும் குழிச்சட்டி உண்டு. மாவை உருண்டையாகச் சுட விரும்பிய எவருக்கும் இரும்பில் குழி தோண்டத் தோன்றியிருக்கும். இதற்கு நாயக்கர் மன்னர் தேவையில்லை.

எங்கள் ஊருக்கும் வெளியார் வாடை புதிதல்ல. போர்த்துக்கேயர் இங்கே கோயில் கட்டினார்கள். அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் இருந்துதான் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நாம் நின்று சமைக்கும் ‘குசினி’யும் காலையில் தின்னும் ‘பாணு’ம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். அந்த வரிசையில் ஏபிளஸ்கீவர் கடைசியாக வந்தது. ஆனால் இதைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர் அல்ல, எங்கள் பிள்ளைகள்.

அது வந்த பாதையைச் சொல்லாமல் சட்டியை அடுப்பில் வைக்க எனக்கு மனமில்லை.

1983க்குப் பிறகு தமிழர்கள் டென்மார்க்குக்குப் போகத் தொடங்கினார்கள். பெரும்பாலும் இளம் ஆண்கள். யூலண்ட் தீபகற்பத்தின் சிறிய நகரங்களில், ஹேர்னிங், பிரண்டா, வைல, ஹொல்ஸ்ரபுரோ என்று பரவிக் குடியேறினார்கள். தொழிற்சாலைகளிலும் மீன், இறைச்சி பதனிடும் இடங்களிலும் வேலை செய்தார்கள். மனைவி பிள்ளைகளை அழைக்கும் உரிமை டெனிஷ் சட்டத்தில் அவர்களுக்கு இருந்தது. 1987 செப்டெம்பரில் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழர்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையுடன் போர் மூண்டது. இங்கே செல் விழுந்துகொண்டிருக்க, அங்கே கோப்புகள் அலுமாரிக்குள் இருந்தன. 1989 தொடக்கம் வரை அந்த நிலை நீடித்தது.

அது சட்டவிரோதம் என்று டென்மார்க்கே பிறகு ஒப்புக்கொண்டது. உயர் நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெத் நடத்திய விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரி 14ஆம் திகதி வெளியானது. பத்து வருடமாகப் பிரதமராக இருந்த போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். அமைச்சர்களை விசாரிப்பதற்கென்று உள்ள விசேட நீதிமன்றம் 1995இல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டென்மார்க்கில் இதைத் ‘தமிழர் வழக்கு’ என்றே அழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்களும் குழந்தைகளும் கணவரோடும் தகப்பனோடும் சேர முடியாமல் போனதற்காக ஐரோப்பாவில் ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது என்பது நம் பாடப்புத்தகங்களில் இல்லை. அங்கே அது அரசியல் வரலாறு.

இன்று அங்கே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் வாழ்கிறார்கள். ஹேர்னிங்கில் சித்தி விநாயகர் கோயிலும் பிரண்டாவில் அபிராமி அம்மன் கோயிலும் இருக்கின்றன. டிசெம்பர் மாதத்தில் பள்ளிக்கூடத்தில் ஏபிளஸ்கீவர் சுட்டுப் பழகிய பிள்ளைகள் வீட்டிலும் அதைக் கேட்டார்கள். தாய்மார் பழகினார்கள். அவர்களோடு அது ஊருக்கும் வந்தது.

சட்டியும் நெருப்பும்

அசல் சட்டி வார்ப்பிரும்பு. ஏழு குழி அல்லது ஒன்பது குழி இருக்கும். குழி அரைக்கோளமாக, ஆழமாக இருக்கும். அதற்காக ஒருவரும் டென்மார்க்கிலிருந்து இரண்டு கிலோ இரும்பைச் சுமந்து வரத் தேவையில்லை. யாழ்ப்பாண நகரில் பாத்திரக் கடைகளில் பணியாரச் சட்டி வாங்கலாம். பலாலி–சென்னை விமானம் 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிய பிறகு, போய்வருபவர்களிடம் சொல்லி அனுப்புவதும் சுலபம். பணியாரச் சட்டியின் குழி சிறியது. உருண்டை சிறிதாக வரும், ருசியில் மாற்றம் இல்லை. இரும்புச் சட்டியாக இருந்தால் நல்லது. புதிதாக இருந்தால் முதலில் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, புகை எழும்பும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இப்படி நாலைந்து தரம் செய்தால் மா ஒட்டாது.

நெருப்பைப் பற்றிச் சொல்லும் தகுதி என்னைவிடப் பெரியம்மாவுக்கே உண்டு. 2022இல் காஸ் தட்டுப்பட்டபோது ஊர் முழுக்க விறகடுப்புக்குத் திரும்பியது. அவர் அதிலிருந்து முழுமையாக மீளவில்லை, மீள விரும்பவுமில்லை. விறகின் சுவாலை இதற்கு ஆகாது. வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். சிரட்டைக் கரி அல்லது ஊமல் கரியின் தணல் வேண்டும். தணலைப் பரப்பி, சட்டியை வைத்து, ஒரு துளி தண்ணீர் விட்டால் அது குதித்து ஓட வேண்டும். காஸ் அடுப்பென்றால் சின்ன அடுப்பில், குறைந்த சூட்டில், ஐந்து நிமிடம் சட்டியைக் காயவிட்டுத் தொடங்கலாம். நடுக் குழிக்குச் சூடு கூட என்பதை மறக்க வேண்டாம். அதைக் கடைசியாக நிரப்பி முதலில் எடுக்க வேண்டும்.

மா

ஒரு குடும்பத்துக்கு 25 உருண்டை அளவில் வரும் கணக்கு: கோதுமை மா 250 கிராம், அதாவது தேத்தண்ணீர்க் கோப்பையால் தட்டையாக இரண்டு. முட்டை 3. சட்டித் தயிர் 200 மில்லிலீற்றர், பால் 150 மில்லிலீற்றர். உருக்கிய பட்டர் மூன்று மேசைக்கரண்டி. சீனி ஒரு மேசைக்கரண்டி. அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அதே அளவு. ஏலக்காய் நாலைந்தைத் தட்டிப் பொடியாக்கிக்கொள்ள வேண்டும். ஏலக்காய் நாம் சேர்க்கும் சேர்க்கை அல்ல. வட ஐரோப்பியர் இனிப்பு ரொட்டிகளிலும் பணியாரங்களிலும் ஏலக்காய் போடுவது பழைய வழக்கம். தேசிக்காய்த் தோலை மெல்லியதாகத் துருவிப் போட்டாலும் நல்ல வாசம்.

மா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாண வீடுகளில் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை அவித்து அரித்து ரின்னில் போட்டு வைத்திருப்போம். அந்த அவித்த மா இதற்கு உதவாது. அவித்தால் மாவின் இழுவை போய்விடும், உருண்டை திருப்பும்போது உதிரும். கடையிலிருந்து வந்தபடியே உள்ள பச்சை மாதான் வேண்டும்.

டெனிஷ் முறையில் தயிருக்குப் பதில் மோர் போன்ற புளிப்புப் பால் விடுவார்கள். எங்கள் எருமைத் தயிரின் புளிப்பு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அப்பச்சோடா பொங்குவதற்கு அந்தப் புளிப்புத் தேவை. மஞ்சள் கருவைத் தயிர், பால், பட்டர், சீனியுடன் அடித்துக்கொண்டு, மா, சோடா, உப்பு, ஏலக்காயைச் சேர்த்துக் கரைக்க வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், அடித்துக்கொண்டே நின்றால் இறுகிவிடும். முட்டை வெள்ளையைத் தனியே நுரைக்க அடித்து, கோப்பையைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில், கடைசியாக அகப்பையால் மெல்ல மடித்துச் சேர்க்க வேண்டும். பதம் தோசை மாவைவிடச் சற்றுத் தடிப்பு. அரை மணித்தியாலம் மூடி வைக்கலாம்.

பழைய டெனிஷ் முறையில் சோடாவுக்குப் பதில் ஈஸ்ட் போட்டுப் பொங்க வைப்பார்கள். “அப்ப, அப்பத்துக்குக் கள்ளு விடுற மாதிரித்தான்” என்றார் பெரியம்மா. சரியாகத்தான் சொன்னார். அடுத்த நாளே ஒரு பங்கு மாவுக்குப் பனங்கள்ளு கொஞ்சம் விட்டு இரவு முழுக்க வைத்துச் சுட்டும் பார்த்தார். என் வாய்க்கு அதுதான் எல்லாவற்றிலும் திறம்.

உள்ளே வைப்பது

அப்பிள் வைப்பதென்றால் சிறு சதுரங்களாக வெட்டி, கொஞ்சம் சீனியும் கறுவாத் தூளும் போட்டு, தாச்சியில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி ஆறவிட வேண்டும். இறக்குமதி அப்பிளுக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும் என்பது என் கேள்வி. வைகாசி முதல் ஆடி வரை கறுத்தக்கொழும்பான் இருக்கிறது. பழுத்தும் பழுக்காத பதத்தில் வெட்டி அப்படியே வைத்தால் அப்பிளின் புளிப்பும் கிடைக்கும். மாம்பழம் முடிந்தால் இதரை வாழைப்பழம். தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்துக் கிளறிய மோதக உள்ளீடு பெரியவர்களுக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டில் சிறுவர்கள் அதைத் தொடவில்லை. அவர்கள் கேட்டது ஜாம். ஜாம் வைத்தால் அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அது கொதித்து வெளியே வழிந்தால் குழியில் கருகிப் பிடிக்கும். பனங்களியையும் முயன்று பார்க்கத் தோன்றும். அது ஈரம் கூடியது, வதக்காமல் வைத்தால் உருண்டை மூடாது.

எதை வைத்தாலும் சின்னி விரல் நுனியளவுக்கு மேல் போகக்கூடாது.

திருப்புவது

குழிப்பணியாரத்துக்கும் இதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான். பணியாரத்தை ஒரு பக்கம் வெந்ததும் ஒரே புரட்டாகப் புரட்டுவோம். ஏபிளஸ்கீவரைக் கால் பங்கு கால் பங்காகத் திருப்ப வேண்டும்.

குழியில் சிறு துண்டு பட்டர் போட்டு, அது நுரைத்ததும் மாவை முக்கால் பங்குக்கு ஊற்ற வேண்டும். ஓரம் இறுகியதும் நடுவில் உள்ளீட்டை வைக்க வேண்டும். இப்போது ஓரத்தில் கம்பியைக் கொடுத்து நிமிர்த்தினால், வெந்த பக்கம் செங்குத்தாக நிற்கும், வேகாத மா கீழே வழிந்து குழியை நிரப்பும். அது இறுகியதும் இன்னொரு கால் பங்கு. இப்படி மூன்று, நான்கு தரம் திருப்பும்போது மா தானாக உள்ளீட்டைச் சுற்றி மூடிக்கொள்ளும். கடைசியாக வாயை மூட ஒரு சொட்டு மா விடுவதும் உண்டு. பிறகு பந்துபோல் உருட்டி உருட்டி எல்லாப் பக்கமும் பொன்னிறமாக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஐந்து, ஆறு நிமிடம்.

டென்மார்க்கில் கம்பளி பின்னும் ஊசியால் திருப்புவது வழக்கம். இங்கே பின்னும் ஊசிக்கு எங்கே போவது? தென்னோலை ஈர்க்கின் அடிப்பக்கம் இரண்டை ஒன்றாகப் பிடித்தால் ஊசியைவிட நன்றாக வேலை செய்கிறது. சட்டியையும் கீறாது. வெந்ததா என்று குத்திப் பார்ப்பதும் அதே ஈர்க்கால்தான். மா ஒட்டாமல் வர வேண்டும்.

இந்தக் கால் பங்குத் திருப்பலைப் பெரியம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தது பதின்மூன்று வயதுப் பேத்தி. அவளுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. பெரியம்மாவுக்கு டெனிஷ் மொழியில் ‘தக்’, அதாவது நன்றி, என்ற ஒரு சொல்தான் தெரியும். வந்து இரண்டு கிழமையாக இருவரும் சிரித்துக்கொண்டும் தலையைத் தடவிக்கொண்டும் இருந்தார்களே தவிர, ஒரு வசனம் முழுமையாகப் பேசவில்லை. அன்று காலை பேத்தி அம்மம்மாவின் கையைப் பிடித்து ஈர்க்கை ஓரத்தில் கொடுத்து நிமிர்த்திக் காட்டினாள். அம்மம்மா அவள் கையைப் பிடித்துச் சட்டியைத் தணலின் ஓரத்துக்கு இழுக்கக் கற்றுக்கொடுத்தார். ஒருவருக்குத் திருப்பல் தெரியும், மற்றவருக்கு நெருப்புத் தெரியும். “இப்ப”, “பொறு”, “எடு” என்ற மூன்று சொற்களை அவள் அன்று வாய்விட்டுச் சொன்னாள். மூன்றாவது ஈட்டில் ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

பரிமாறும்போது

சூடாகச் சாப்பிட வேண்டும். ஐசிங் சீனி இல்லாவிட்டால் சீனியை அரைத்துத் தூவலாம். டென்மார்க்கில் ஸ்ரோபெரி ஜாம். எங்கள் கடைகளில் உள்ள விளாம்பழ ஜாம் இதற்கு அபாரம். வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் முந்திரிகைப் பழத்தைச் சீனியோடு காய்ச்சினால் அதைவிட நல்லது. ஜாம் முடிந்த போத்தலைப் பெரியம்மா கழுவி வெயிலில் கவிழ்த்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பஞ்சில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து ஜாம் போத்தலுக்குள் விளக்கெரித்துப் படித்த தலைமுறை எந்தப் போத்தலையும் எறிவதில்லை. “இது லைற்” என்று பேத்திக்குச் சைகையில் காட்டினார். அவளுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை.

நல்லூர்க் கொடியேற்றம் வந்துவிட்டால் சில வீடுகளில் முட்டைக்கும் தடை. புலம்பெயர்ந்தவர்கள் அதிகம் வருவதும் அந்த நாட்களில்தான். அப்போது முட்டையை விட்டுவிட்டு, தயிரை 250 மில்லிலீற்றராகக் கூட்டி, பாலைத் தேவைக்கேற்ப விட்டு, அப்பச்சோடாவை முக்கால் தேக்கரண்டியாக்கி, நன்றாகக் கனிந்த இதரைப் பழம் ஒன்றை மசித்துச் சேர்க்கலாம். பஞ்சுபோல் வராது. பணியாரத்துக்குக் கிட்டவாக, கொஞ்சம் அடர்த்தியாக வரும். மெதுவான தணலில் ஒரு நிமிடம் கூட வைக்க வேண்டும்.

மிஞ்சினால் ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த நாள் அதே குழியில் எண்ணெய் இல்லாமல் சூடாக்கலாம். சட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். சூட்டோடு உப்புப் போட்டுத் துணியால் துடைத்து, எண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். மாரி காலத்தில் யாழ்ப்பாணத்து ஈரக்காற்றுக்கு இரும்பு ஒரு கிழமையில் துருவேறும். பேரப்பிள்ளைகள் அடுத்த முறை வரும்வரை, மாதம் ஒருமுறையாவது அதை இறக்கி எண்ணெய் பூச வேண்டும்.